72 மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 2021 நவம்பரில் தங்கை கல்யாணத்துக்காக தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து குடும்பமாகச் சென்னைக்குப் போயிருக்கிறீர்கள். போகும்போது ஒரு விதி. இறங்கிய வாரத்திலேயே அது மாறிவிட்டது. திரும்பும்போது இன்னொன்று. ஐந்து பேருக்கும் சேர்த்து 17 கோவிட் டெஸ்ட் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். விமானத்தில் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினாலே அதட்டினார்கள், சாப்பாட்டுத் தட்டு வந்ததும் முன்னூறு பேரும் ஒன்றாகக் கழற்றினார்கள், இது என்ன கணக்கு என்று கேட்கிறீர்கள். உங்கள் அண்ணனோ, எல்லாம் கண் துடைப்பு, பணம் பிடுங்கத்தான் என்று முடித்துவிட்டார். ஆக, விதிகள் ஏன் மாறின என்பதைவிட, வகுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்பதே உங்களை உறுத்துகிறது. கடைசி வரியில், வரும் தை மாதம் அம்மாவை மறுபடி ஊருக்கு அழைத்துப் போவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முடிவில் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு டர்பனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாக மருத்துவ ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். 2020 மே தொடங்கி 2022 கடைசி வரை பிசிஆர் பிரிவில்தான் வேலை. பயணிகளுக்கான சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் டெஸ்ட்டைப் பற்றிச் சொல்வதை என் கையால் செய்து பார்த்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்று ஓடும் விதத்தைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. மந்திரிகள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்வது, செய்தி பார்க்கும் யாரும் செய்யக்கூடிய ஊகம்தான்.

முதலில் டெஸ்ட். பிசிஆர் நெகட்டிவ் என்றால் ‘இவருக்கு நோய் இல்லை’ என்று கவுன்டரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். நாங்கள் அந்தத் தாளில் சொல்வது அதைவிடச் சின்னது: மாதிரி எடுக்கும் குச்சி உள்ளே போன அந்த நிமிஷத்தில், அந்த மூக்கில், எங்கள் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸின் மரபுப்பொருள் இல்லை. அவ்வளவே. தொற்று ஏறிய முதல் ஓரிரு நாளில் யார் டெஸ்ட் எடுத்தாலும் நெகட்டிவ்தான் வரும். 2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அதுவரை வந்திருந்த தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்றிய முதல் நாளில் பிசிஆர் தவறவிடுவது 100 சதவீதம். நான்காம் நாளில் 67. அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளில்கூட 38. எட்டாம் நாளில்தான் 20-க்கு இறங்குகிறது. அதற்குப் பிறகு மறுபடி ஏறும். அது பழைய வைரஸுக்கான கணக்கு. பின்னால் வந்த ஒமிக்ரான் வகை இன்னும் வேகம், சுமார் மூன்று நாளிலேயே அறிகுறி காட்டிவிடும்.

இப்போது, 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் தாள் இருந்தால்தான் விமானம் ஏறலாம் என்ற விதியை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் குச்சி எடுத்துக்கொண்டவர் திங்கள் காலை கிங் ஷாகா ஏர்போர்ட்டில் விமானம் ஏறுகிறார். நடுவில் சனி, ஞாயிறு. ஊருக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள், கொடுத்துவிடும் பொருள்கள், கோயிலுக்கு ஒரு நடை, கடைசி நேரத் துணிக்கடை. தொற்றுவதற்கு அதைவிட வசதியான இரண்டு நாள் வருஷத்தில் கிடையாது. வைரஸின் குணத்தைப் பார்த்து வைத்த எண்ணாக 72 எனக்குத் தோன்றவில்லை. குச்சி எடுத்து, கருவிக்குப் போய், தாள் கைக்கு வர எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்குக் கொஞ்சம் அவகாசம் சேர்த்து வைத்த எண் அது. 24 என்று வைத்திருந்தால் நோயைக் கூடுதலாகப் பிடித்திருக்கும், ஆனால் பாதிப் பேருக்குத் தாளே கிடைத்திருக்காது. அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் தன் மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்தபோது, நிமிஷங்களில் ரிசல்ட் தரும் விரைவு ஆன்டிஜென் டெஸ்ட்டையும் ஏற்றுக்கொண்டதால்தான் அது நடைமுறையில் ஓடியது.

ஆனால் குடும்பங்களைக் கண்ணீர் விட வைத்தது 72 என்ற எண்ணைவிட அது எங்கிருந்து தொடங்குகிறது என்ற குழப்பம். குச்சி எடுத்த நேரத்திலிருந்தா, ரிசல்ட் வந்த நேரத்திலிருந்தா? டர்பனில் ஏறும் வரையா, துபாயில் இரண்டாவது விமானம் ஏறும் வரையா, சென்னையில் இறங்கும் வரையா? தென்னாப்பிரிக்கா 2020 அக்டோபர் 1 அன்று கதவைத் திறந்தபோது, புறப்படும் நேரத்துக்கு முந்தைய 72 மணி நேரம் என்று எழுதியது. இந்தியா ‘பயணத்தைத் தொடங்குவதற்கு முன் 72 மணி நேரத்துக்குள்’ என்றது. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நடுவில் பதினான்கு மணி நேரம் ஓர் இடைநிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒன்றில்லை. 2021 தொடக்கத்தில் ஒரு வயதான தம்பதி, டர்பனுக்கு அடுத்த வேரூலம் பக்கத்தவர்கள், நடுவழியில் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி இரண்டாவது விமானத்தில் ஏற்றப்படாமல் நின்றார்கள். மகன் எனக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் செய்தார். சான்றிதழில் ரிசல்ட் வந்த நேரம் கொட்டை எழுத்தில், குச்சி எடுத்த நேரம் அடியில் பொடி எழுத்தில். அச்சடித்த எங்கள் தவறும் அதில் பாதி. அடுத்த வாரம் படிவத்தையே மாற்றினோம்.

பெயர் இன்னொரு தலைவலி. நம்மவர் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. அப்பா பெயர் இன்ஷியலாக முன்னால் நிற்கும். இங்கே ஆய்வகக் கணினியோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகராது. பதிவு செய்கிற பெண் என்ன செய்வாள்? கேட்கிறாள், ‘அப்பா பெயர்’ என்கிறார்கள், அதைப் போடுகிறாள். தாளில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். இதே ஊரில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் பிள்ளை, நாயுடு, கவுண்டர் வீட்டாருக்கு இந்தத் தொல்லை வரவில்லை. அவர்களுக்குக் கரும்புத் தோட்டக் காலத்திலேயே யாரோ ஒரு எழுத்தர் குடும்பப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து பின்னால் வந்த எங்களைப் போன்றவர்கள்தான் மாட்டிக்கொண்டோம்.

பணம் பிடுங்கத்தான் இதெல்லாம் என்று அண்ணன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் ஆய்வகத்தில் சம்பளம் வாங்கியவள், அதனால் இதை ஒளிக்கக் கூடாது. இங்கே தனியாரிடம் ஒரு பிசிஆருக்கு 850 ராண்ட் வரை வாங்கினார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் தலையிட்ட பிறகு, 2021 டிசம்பரில் பெரிய தனியார் ஆய்வகங்கள் அதை 500 ராண்டாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. அதே குச்சி, அதே கருவி. 850-ல் எவ்வளவு காற்று இருந்தது என்பதை அந்த ஒரு மாற்றமே சொல்லிவிடுகிறது. ஆனால் விலை கூடுதலாக இருந்தது என்பதால் டெஸ்ட்டே பொய் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டு, தும்மல்கூட இல்லாமல் வந்து நின்றவர்களில் சிலருக்கு பாசிட்டிவ் வந்தது. வைரஸ் கொழுத்துக் கிடந்த மாதிரிகள் அவை. அவர்கள் ஏறியிருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கு அநேகமாக ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்கள்.

அதற்கு நேர்மாறான அநியாயமும் நடந்தது. குணமானவர்களைப் பிடித்தோம். காய்ச்சல் வந்து போய் ஒரு மாதம் ஆனவருக்கும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டும். செத்துப்போன வைரஸின் துண்டுகளையும் அது எண்ணுகிறது. சாதாரணமாக நோய் வந்தவர் அறிகுறி தொடங்கிச் சுமார் பத்து நாளுக்குப் பிறகு பிறருக்குக் கொடுப்பதில்லை. கருவி மரபுப்பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிப் பார்க்கிறது. 35-வது சுற்றுக்குப் பிறகுதான் திரையில் கோடு எழும்புகிறது என்றால் அது அநேகமாகப் பழைய கதை என்று எங்களுக்குத் தெரியும். சான்றிதழில் அதை எழுத இடமில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ், இரண்டில் ஒன்று. அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு, 90 நாளுக்குள் நோய் வந்து தேறியவர் பழைய பாசிட்டிவ் தாளும் டாக்டரின் கடிதமும் கொண்டுவந்தால் போதும் என்றது. நம் பாதையில் அந்தச் சலுகை கிடைக்காமல் அம்மா சாவுக்குப் போக முடியாமல் நின்ற ஒருவரை நான் பார்த்தேன். கருவி சொன்னது சரி. விதி தவறு.

2021 ஜூலையில் இங்கே கலவரம் நடந்த வாரத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்துக்கடைகள் உடைக்கப்பட்டன, சாலைகள் அடைபட்டன, டர்பன் புறநகரான பீனிக்ஸில் இருந்து எங்களில் பாதிப் பேர் வேலைக்கே வர முடியவில்லை. டிக்கெட் கையில் இருந்தது, விமானமும் இருந்தது, குச்சி எடுக்க ஆள் இல்லை. 72 மணி நேரம் என்ற விதி, எல்லா ஊரிலும் எல்லா வாரமும் ஆய்வகம் திறந்திருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது.

மாஸ்க்குக்கு வருகிறேன். இரண்டு விமானங்களின் கதையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது, 2020 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து ஹனோய் போனது. பத்து மணி நேரப் பயணம். பிசினஸ் வகுப்பில் இருமலோடு ஒரு பெண் இருந்தார். மாஸ்க் கட்டாயம் இல்லாத காலம். அவரிடமிருந்து 15 பேருக்குத் தொற்றியது, அதில் 12 பேர் அதே பிசினஸ் வகுப்புக்காரர்கள். இரண்டாவது, 2020 செப்டம்பர் 29 அன்று துபாயிலிருந்து ஆக்லாந்து வந்தது. 86 பயணிகளில் ஏழு பேருக்குத் தனிமைப்படுத்தலின்போது பாசிட்டிவ் வந்தது. நியூசிலாந்துக்காரர்கள் ஏழு மாதிரிகளின் மரபணுவையும் வரிசைப்படுத்தி ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே சங்கிலி. புறப்படும் முன் நெகட்டிவ் வாங்கி ஏறியவரிடமிருந்துதான் அது தொடங்கியிருக்க வேண்டும். ஏழு பேரில் பெரும்பாலோர் மாஸ்க் போட்டிருந்ததாகவே சொன்னார்கள்.

இரண்டாவது கதையில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரு சின்ன விஷயம் உண்டு. அந்த விமானம் எரிபொருள் போட கோலாலம்பூரில் நின்றது. அங்கே சுமார் அரை மணி நேரம் துணை மின் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. அது நின்றால் காற்றோட்டமும் நிற்கும். பறக்கும் விமானத்தில் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. சுழன்று வரும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது, 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். நம் வீட்டு வரவேற்பறையைவிட, ஏன், எங்கள் ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையைவிட அது எவ்வளவோ சுத்தம். ஆனால் அந்தச் சுத்தம் இயந்திரம் ஓடும்போதுதான். ஏறும் வரிசை, விமானத்துக்குக் கூட்டிப் போகும் பஸ், கதவு மூடிக் கிளம்பாமல் நிற்கும் நேரம், இறங்க எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து தலைக்கு மேல் பையை இழுக்கும் அந்தப் பத்து நிமிஷம், இவைதான் ஆபத்தான இடங்கள். விதி எங்கே கடுமையாக இருந்தது? முப்பதாயிரம் அடி உயரத்தில். எங்கே தளர்ந்து கிடந்தது? குடியேற்ற வரிசையில், தோளோடு தோள் உரசி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அதிகாரியிடம் முகம் காட்டிய இடத்தில்.

சாப்பாட்டுக் கேள்விக்கு நேரடியான பதில்: நீங்கள் நினைத்தது சரிதான், எல்லோரும் ஒன்றாகக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் வரை காத்திருந்து பிறகு கழற்றுங்கள் என்று ஒரு வரி அறிவித்திருந்தாலே கொஞ்சம் பயன் இருந்திருக்கும். அதற்காகப் பத்து மணி நேரப் பயணத்தில் ஒன்பது மணி நேரம் போட்டிருந்தது வீண் என்று ஆகாது. குடையை ஐந்து நிமிஷம் மடக்கினால் நனைவோம், ஐந்து மணி நேரம் மடக்கி வைத்தவன் அளவுக்கு நனைய மாட்டோம். எந்த மாஸ்க் என்பது இன்னும் பெரிய கேள்வி. இங்கே 2020 மே 1 முதல் கட்டாயமானபோது துணி மாஸ்க் போதும் என்றார்கள். அப்போது நல்ல மாஸ்க் ஆஸ்பத்திரிக்கே பற்றாக்குறை, அதனால் வேறு வழியில்லை. 2021-ல் பற்றாக்குறை தீர்ந்த பிறகும் துணியே போதும் என்று விட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. சரியாகப் பொருந்திய என்95-க்கும், மூக்குப் பக்கம் இடைவெளி விட்டுத் தொங்கும் இரண்டு மடிப்புத் துணிக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சந்தேகமாகவே வைக்கிறேன். விமானத்தில் மாஸ்க் விதி மட்டும் தனியாக எவ்வளவு தொற்றைத் தடுத்தது என்று யாராவது ஒரு சதவீதம் சொன்னால் நம்ப வேண்டாம். டெஸ்ட், தடுப்பூசி, காலி இருக்கை, பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. குழம்பில் கரைந்த உப்பையும் புளியையும் பிரித்து எடுக்க முடியாது. நல்ல மாஸ்க் துகளைத் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் அளந்த உண்மை. விதியாகப் போட்டபோது எவ்வளவு என்பது கணிப்பு.

உங்கள் பயணத்தைக் குலைத்தது ஒமிக்ரான். அதை நான் கொஞ்சம் நெஞ்சு எரிச்சலோடுதான் எழுத முடியும். நாங்கள் பயன்படுத்திய பிசிஆர் வகைகளில் ஒன்று வைரஸில் மூன்று இடங்களைத் தேடும். திரையில் மூன்று கோடுகள் எழும்ப வேண்டும். ஒமிக்ரானுக்கு முன்பு பரவிய டெல்டா வகையின் காலம் முழுவதும் மூன்றும் ஒழுங்காக எழுந்தன. 2021 நவம்பரில் கௌடெங் மாகாணத்து ஆய்வகங்களில் திடீரென்று மூன்றில் ஒன்று, எஸ் மரபணுவுக்கான கோடு, தரையோடு கிடந்தது. முதலில் கருவியில் கோளாறு என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் அப்படி நினைத்துத் தள்ளிவிடாமல் மாதிரிகளை வரிசைப்படுத்த அனுப்பினார்கள். நவம்பர் 25 அன்று வைரஸ் மரபணு ஆய்வாளரான பேராசிரியர் துலியோ டி ஒலிவேரா தொலைக்காட்சியில் உலகத்துக்கே சொன்னார். அவருடைய குழு அதற்கு முந்தைய வருஷம் பீட்டா வகையைக் கண்டறிந்தபோது வேலை செய்ததும் நம் டர்பனில்தான். மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது. அன்றைக்கே பிரிட்டன் நமக்குக் கதவை மூடியது. 29-ம் தேதி அமெரிக்கா மூடியது. உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்களே, அதுதான்.

நவம்பர் 26 அன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாம் போன இரண்டு விமானங்களில் வந்த சுமார் 600 பேரை அங்கே டெஸ்ட் செய்தார்கள். 61 பேருக்கு பாசிட்டிவ். தடுப்பூசிச் சான்றோ நெகட்டிவ் தாளோ காட்டி ஏறியவர்கள்தான் அவர்கள். ஏறும் முன் டெஸ்ட் என்ற வேலி எவ்வளவு ஓட்டை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கதையின் மறுபாதி அவ்வளவு பேசப்படவில்லை. அந்த விமானங்கள் இறங்குவதற்கு முன்னாலேயே, நவம்பர் 19-லும் 23-லும் நெதர்லாந்துக்குள்ளேயே எடுத்து வைத்திருந்த மாதிரிகளில் ஒமிக்ரான் இருந்தது என்று அந்நாட்டுச் சுகாதார நிறுவனமே பிறகு அறிவித்தது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வாசலுக்கு அணை. பிரிட்டன் டிசம்பர் 15-லும், அமெரிக்கா டிசம்பர் 31-லும் தடையை எடுத்துவிட்டன. தவறு செய்துவிட்டோம் என்று சொல்லி எடுக்கவில்லை. தங்கள் ஊரிலேயே அது பரவிவிட்டதால் தடைக்கு அர்த்தமில்லை என்று எடுத்தார்கள். இந்தியா கதவை மூடவில்லை, வேறு வழி பிடித்தது. டிசம்பர் 1 முதல், ஆபத்துப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருபவர் இறங்கியதும் மாதிரி கொடுத்து, ரிசல்ட் வரும் வரை ஏர்போர்ட்டிலேயே இருக்க வேண்டும், பிறகு ஏழு நாள் வீட்டில், எட்டாம் நாள் மறுபடி டெஸ்ட். அந்தப் பட்டியலில் நாம் இருந்தோம். மொரீஷியஸும் இருந்தது.

இந்த இந்திய முறை தொல்லை பிடித்ததுதான், ஆனால் ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பாமல் இடைவெளி விட்டு இரண்டாவது எடுத்தது, மேலே சொன்ன அந்த முதல் நாள் 100 சதவீதப் பிரச்சினைக்குச் சரியான மருந்து. முதல் டெஸ்ட்டில் தப்பியது எட்டாம் நாள் பெரும்பாலும் சிக்கும். உங்கள் 17 டெஸ்ட்டில் ஐந்து அப்படி எட்டாம் நாள் எடுத்தவை என்றால், அந்த ஐந்தைத் திட்டாதீர்கள். 2022 ஜனவரியில் இந்தியாவில் தினமும் லட்சக்கணக்கில் உள்ளூர்த் தொற்று ஏறிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோரையும் ஏழு நாள் வீட்டில் உட்கார வைத்தார்களே, அதைத் திட்டுங்கள். உள்ளே எரிகிற வீட்டில் வாசலில் நின்று தீப்பெட்டி தேடியது அது. பிப்ரவரி 14-ல் அதை எடுத்தார்கள்.

ஆக அண்ணனுக்கு என் பதில்: ஒவ்வொரு விதிக்கும் பிறந்தபோது ஒரு காரணம் இருந்தது. காரணம் செத்த பிறகும் விதி நடமாடியது. எவ்வளவு காலம் நடமாடியது என்பது நாட்டுக்கு நாடு வேறு. தென்னாப்பிரிக்கா 2022 மார்ச் 23 முதல் தடுப்பூசி போட்டவரிடம் டெஸ்ட் கேட்பதை நிறுத்தியது. ஜூன் 22 அன்று மாஸ்க், எல்லைச் சோதனை எல்லாவற்றையும் எடுத்தது. அமெரிக்காவில் விமான மாஸ்க் விதி ஏப்ரல் 18 அன்று புளோரிடா நீதிபதி ஒருவரின் தீர்ப்பில் ஒரே நாளில் போனது. சில விமானங்களில் பறந்துகொண்டிருக்கும்போதே அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் பரிந்துரையை மே 16-ல் எடுத்தது. இந்தியாவில் விமான மாஸ்க் நவம்பர் 16 வரை நீடித்தது. இந்தியாவுக்கு வருபவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் அதே மாதம் 22-ல் முடிந்து, சீனாவில் அலை எழுந்ததும் ஆறு இடங்களுக்காக 2023 ஜனவரி 1-ல் திரும்பி வந்து, பிப்ரவரி 13-ல் மறுபடி போனது. வைரஸ் எல்லா ஊரிலும் ஒன்றே. அறிவியல் ஒரே மாதத்தில் ஒரு ஊரில் ஒன்றும் இன்னொரு ஊரில் வேறொன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை, தேர்தல், பக்கத்து நாடு என்ன செய்கிறது, பழியை யார் சுமப்பது என்ற கணக்குகள் வேறாக இருந்தன. இது என் ஊகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இப்படிச் சிதறாமல் இருக்க முடியாதா என்றால், முடியும். நம் பைக்குள்ளேயே அதற்கு உதாரணம் இருக்கிறது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. சர்வதேச சுகாதார விதிமுறைகளில் அதற்கு ஒரே மாதிரிப் படிவம் உண்டு. ஊசி போட்டுப் பத்தாம் நாளிலிருந்து செல்லும், 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். லாகோஸிலும் சென்னையிலும் அதிகாரி ஒரே இடத்தில் ஒரே தேதியைத்தான் பார்க்கிறார். கோவிட் டெஸ்ட்டுக்கு அப்படி ஒரு பொதுப் படிவம் உருவாகவேயில்லை. கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று எல்லா நாடும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு வரி இருந்திருந்தால், அந்த வேரூலம் தம்பதி அந்த ராத்திரி நடுவழியில் நின்றிருக்க மாட்டார்கள்.

கடைசியாக அம்மா. இன்றைக்குச் சென்னைக்குப் போக கோவிட் டெஸ்ட்டும் வேண்டாம், கோவிட் படிவமும் வேண்டாம், மாஸ்க்கும் கட்டாயம் இல்லை. 71 வயது, சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் விதி இல்லாவிட்டாலும் இரண்டு என்95 வாங்கி வையுங்கள். முழுப் பயணமும் போட்டுக்கொண்டிருக்கச் சொன்னால் அம்மா ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். ஏறும் வரிசையிலிருந்து விமானம் மேலே போகும் வரை, இறங்கத் தொடங்கியதிலிருந்து வெளியே காற்றுக்கு வரும் வரை, இந்த இரண்டு நேரம் போதும் என்று சொல்லுங்கள், கேட்பார்கள். தடுப்பூசி பற்றி அவர்களுடைய டாக்டரைக் கேளுங்கள், அது நான் சொல்ல வேண்டியதில்லை. துபாய், தோஹா வழியென்றால் நோய் தொடர்பான வேறு தாள் எதுவும் தேவைப்படாது. டிக்கெட் மலிவு என்று அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போட்டால், அவை மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளில் இருப்பதால், அந்த அட்டை விஷயம் வரும். ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகாதவரை இந்தியா பொதுவாகக் கேட்காது. ஆனால் திரும்பி வரும்போது, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கியிருந்தால் தென்னாப்பிரிக்கா அட்டையைக் கேட்கும். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக அந்த ஊசி போடுவதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால், ஊசியைவிட வழியை மாற்றுவதே அம்மாவுக்கு நல்லது. முடிந்தால் இடைநிறுத்தம் ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டாத டிக்கெட்டாகப் பாருங்கள். பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இன்ஷியலை விரித்தா சுருக்கியா என்பது உட்பட, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.